ஐந்து தோல் துண்டுகள்

"கொலை பண்ணது யாருன்னு எனக்குத் தெரியும் சார். எங்க வச்சு அடிச்சான், எதால அடிச்சான், எல்லாம் தெரியும்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியர் பிரேம்நாத் பேனாவை மூடி வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பில்கிஸுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆம்பூரில் பஸ் ஏறி காட்பாடி வரும்வரை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த சாப்பாட்டுப் பையை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

"முதல்ல தண்ணி குடிங்கம்மா. இது பத்திரிகை ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் இல்ல."

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். மாசாமாசம் துப்பறியும் தொடர் போடறீங்களே, அது என் கதை."

பர்தாவுக்குள்ளிருந்து ஒரு மாத இதழை எடுத்து விரித்தாள். தொடரின் முதல் பக்கத்தில் எழுதியவரின் படம் இருந்தது. கேமராவைப் பார்க்கவே கூச்சப்பட்டு நிற்கிற ஒரு பெண். கீழே, 'ஒடுகத்தூர் முத்துமாரி'.

"இவ எங்க ஷூ கம்பெனியில என் பக்கத்து மெஷின் சார். நான் உருது ஸ்கூல்ல அஞ்சாவதோட நின்னவ, தமிழ் எழுதப் படிக்க வராது. ஆனா கதை வரும். கம்பெனி பஸ்ல ஏறினா இறங்கறதுக்குள்ள ஒரு கொலை வந்துடும்."

பிரேம்நாத் சிரிக்கவில்லை. "சொல்லுங்க."

"சாப்பாட்டு டைம்ல நான் சொல்வேன், அவ நோட்டுல எழுதுவா. ரெண்டு வருஷமா இப்படித்தான். லைன்ல யாராச்சும் 'இன்னாடி, கலெக்டர் பரீட்சையா'ன்னு கிண்டல் பண்ணா, 'அக்கா சொல்றாங்க, எழுதறேன்'னுடுவா. அவ்ளோ கூச்சம். ஆனா கை மட்டும் மெஷின் மாதிரி. நான் யோசிச்சுக்கிட்டு சும்மா இருந்தாக்கூட அவ பேனா நிக்காது. படிச்சுக் காட்டுடின்னா, முடிச்சுட்டு மொத்தமா காட்டறேன்க்கான்னுவா. நேத்து பஸ்ல எங்க லைன் ஜோதி கையில இந்தப் புக்கைப் பாக்கறேன். 'நம்ம முத்துமாரி கொலைக் கதை எழுதறாக்கா'ன்றா."

"முத்துமாரியைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். என் கதையைத் திருடிட்டியாடின்னேன். 'அய்யோ இல்லக்கா'ன்னு ஒரே அழுகை. அதுக்கு மேல வாயே திறக்கல. தப்பு பண்ணாதவ இன்னாத்துக்கு சார் அழணும்?"

கண்ணைத் துடைத்தபடி பில்கிஸ் படத்தைத் தொட்டாள். "ரம்ஜானுக்கு என் பொண்ணுக்குத் துணி எடுக்கும்போது அவளுக்கும் ஒண்ணு எடுப்பேன். அந்தச் சுடிதாரைப் போட்டுக்கிட்டுதான் சார் இந்த போட்டோவுக்கு நின்னிருக்கா."

கீழே ஜெராக்ஸ் கடையில் கல்லூரிப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் என்ன செய்யணும்னு நினைக்கறீங்க?"

"காசு வேணாம். அவ வேலையைக் கெடுக்கவும் வேணாம். கடைசிப் பகுதியிலயாச்சும் என் பேரு வரணும். தமிழ்ல என் பேரை மட்டும் படிப்பேன் சார்."

பிரேம்நாத் இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். "கடைசி அத்தியாயம் இது. நாளைக்கு அச்சுக்குப் போகுது. எழுதினவங்களும் நானும் தவிர ஒருத்தர் படிக்கல. நான் வாயைத் திறக்க மாட்டேன், நீங்களே கதையைச் சொல்லுங்க. ஒத்துப்போச்சுன்னா முத்துமாரி பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடறேன்."

பில்கிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே டப்பா இல்லை. ஐந்து தோல் துண்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். கட்டிங் செக்‌ஷனில் கழித்துப் போட்டவை.

"எழுத வராதில்ல. மறக்காம இருக்க ஆளுக்கு ஒரு துண்டு வச்சுக்குவேன். கறுப்பு, டாக்டர். செவப்பு, அவர் சம்சாரம். வெள்ளை, தம்பி. காக்கி, தோல் பதனிடற ஷாப்பு வாட்ச்மேன். இந்தக் கிழிஞ்ச துண்டு, செத்துப்போன தோல் தரகர்."

சொல்லச் சொல்ல அவள் அழுகை போன இடம் தெரியவில்லை. தரகரின் உடல் தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம்முக்குள் கிடந்ததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள். தம்பி பொய் சொல்லும் இடத்தில் வெள்ளைத் துண்டை விரலால் சுண்டினாள். பிரேம்நாத்தின் டீ ஆறி ஏடு கட்டியது.

"எல்லாரும் தம்பியைத்தான் சந்தேகப்படுவாங்க. ஆனா வாட்ச்மேன் ஒரு வார்த்தை விட்டான் சார். அந்த நேரத்துல டிரம் சுத்தற சத்தம் கேட்டுதுன்னான். அன்னிக்கு ஊரே கரண்ட் இல்லாம கிடந்துது, ஜெனரேட்டரும் ரிப்பேர். டிரம் எப்படி சுத்தும்?"

காக்கித் துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இவன்தான்."

பிரேம்நாத் கடைசி அத்தியாயத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு அலமாரியிலிருந்து பழைய இதழ்களை இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவருடைய கை வேகம் குறைந்தது.

பில்கிஸ் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். "ஒத்துப்போச்சா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் முகத்தைப் பார்க்காமல், மேசைமேல் கிடந்த ஐந்து துண்டுகளையே பார்த்தார்.

"இவங்கள்ல ஒருத்தர்கூட இந்தக் கதையில இல்லியேம்மா."