பன்னிரண்டாவது பெட்டி

தையல்காரர் பொத்தானை அழுத்தினார். பெட்டி மூச்சே விடவில்லை.

விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை. துணி வெட்டும் மேசையின் மேல் கல்லாய்ச் சமைந்து கிடந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பேருந்து ஓட்டுநருக்கு அப்படியொன்றும் ஆகவில்லை. தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார்.

"இன்னைக்கும் மக்கர் பண்ணுதா சம்பந்தி? சரிதான், அதுக்கும் நம்ம ரெண்டு பேரை விட்டா போக்கிடம் ஏது" என்றார்.

சம்பந்தி என்று கூப்பிட இப்போது இருவருக்குமே பாத்தியதை இல்லை. தையல்காரரின் மகளையும் ஓட்டுநரின் மகனையும் நீதிமன்றம் பிரித்துவைத்து எட்டு வாரம் ஆகிறது. பிள்ளைகள் பிரிந்தபின் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை? அதற்கு ஒரு வார்த்தை கிடைக்காததால் பழையதையே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமான புதிதில், மாப்பிள்ளைக்கு வீடியோ கேம் என்றால் உயிர் என்று தெரிந்து, அவர் அறியாமல் இரண்டு அப்பாக்களும் சேர்ந்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டினார்கள். மதர்போர்டு எது, கிராபிக்ஸ் கார்டு எது என்று வீடியோ பார்த்துப் பார்த்துக் கோத்தார்கள். சூட்டை இழுக்கும் பாகத்தின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டிவிட்டார்கள். பத்தே நிமிடத்தில் அது இஸ்திரிப் பெட்டியாய்க் கொதித்தது.

அன்று வயிறு வலிக்கச் சிரித்ததில் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்தார்கள். முடி போன்ற கம்பிகளுக்குத் தையல்காரரின் விரல். அழுத்திப் பூட்ட ஓட்டுநரின் கை. பதினொரு பெட்டி ஆயிற்று. இன்றுவரை இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டும் விளையாடத் தெரியாது.

இது பன்னிரண்டாவது. அடுத்த தெரு முடிதிருத்துபவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், அடுத்த ஞாயிறு வேறொன்று முளைத்திருக்கும். "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக் கேட்டு அவரும் ஓய்ந்துவிட்டார், பாவம்.

இது முடிந்துவிட்டால் ஓட்டுநர் இந்த வீட்டுப் படியேற ஒரு காரணமும் மிஞ்சாது. அது இருவருக்கும் தெரியும். இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொன்னது தையல்காரரின் மனைவி. சற்றுமுன் தேநீர் எடுக்க உள்ளே போன கணவரைப் பிடித்து நிறுத்தி, "நல்ல மனுஷர்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா உறவே அத்துப்போச்சு. வாரா வாரம் இங்க என்ன வேலைன்னு நாலு பேரு கேக்குறாங்க. இந்தப் பெட்டியோட போதும்" என்றாள். அவளுக்கு மெல்லப் பேச வராது. நடுவில் இருந்ததும் பலகைச் சுவர்தான்.

"இன்னைக்கோட முடிஞ்சிரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தேநீரோடு வந்தார்.

அந்த வாக்கைக் கொடுக்க அவருக்குத் தைரியம் இருந்தது. காலையில் எழுந்ததும் இதே பொத்தானை அழுத்திப் பார்த்திருந்தார். தொட்டவுடன் விசிறிகள் சுழன்றன, திரையில் படம் வந்தது. கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பக்கத் தகட்டை மூடி இறுக்கி வைத்தார்.

அதற்குள் இதற்கு என்ன வந்தது?

திருகாணியில் கை வைத்தார். விரலாலேயே கழன்றது. காலையில் அவர் முறுக்கிய முறுக்கு அதில் இல்லை.

தகட்டை எடுத்தார். உள்ளே எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மின்சாரம் கொண்டுவரும் தடித்த கேபிள் மட்டும் நகக்கண் அளவுக்கு மேலே எழும்பி, சொருகியதுபோலப் பாவனை காட்டிக்கொண்டு நின்றது.

தானாகக் கழலும் கேபிள் அல்ல அது. பக்கத்தில் ஒரு கொக்கி உண்டு. பெருவிரலால் அதை அமுக்கிக்கொண்டு பலமாக இழுத்தால்தான் அசையும்.

அவர் தேநீர் எடுக்கப் போயிருந்தபோது அறையில் இருந்தவர் ஒரே ஒருவர்.

தையல்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. மெல்லத் தலை நிமிர்ந்தார். ஓட்டுநர் காலி டம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய வண்டியை நெரிசலில் திருப்புகிறவர், அந்தச் சின்ன டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மதர்போர்டே போயிருக்குமோ என்னமோ" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "அது வர ரெண்டு மூணு வாரம் ஆகுமே சம்பந்தி."

தையல்காரர் கேபிளின் மேல் விரலை வைத்தார். ஒரு அழுத்து அழுத்தினால் போதும். பெட்டியும் ஓடும், மனைவிக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும்.

"ஏங்க, ஓடுதா?" உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

முதல் வாரம் ராம் என்கிற நினைவகப் பட்டையை ஒரு நூல் தளர்த்தியது, அடுத்த வாரம் விசிறியின் வயரை இடம் மாற்றியது, அதற்கடுத்த வாரம் பொத்தானின் கம்பியை உருவிவிட்டது என்று ஏழு சனிக்கிழமையும் இந்தப் பெட்டிக்குள் கையை விட்டுக் கோளாறு செய்துவைத்தவர் தையல்காரர்தான். ஆறு நாள் பேருந்து ஓட்டிவிட்டு ஏழாம் நாள் இரண்டு பேருந்து மாறி வருகிற மனிதரை இப்படி ஏமாற்றுகிறோமே என்று பொறுக்காமல், இந்த வாரம்தான் எதையும் தொடாமல் விட்டிருந்தார்.

"இல்ல" என்றார் தையல்காரர், பக்கத் தகட்டைத் திரும்ப மூடிக்கொண்டே. "மதர்போர்டு போயிடுச்சு."