மூன்றடுக்குக் குவியல்

கும்மிடிப்பூண்டி உரத் தொழிற்சாலையின் மேனேஜர் பாக்கியநாதன், சென்னை நிபுணரை எதிர்பார்த்துக் காலையிலிருந்தே வாசலில் நின்றார். ஒருவழியாக, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே பாக்கியநாதன் அவரை மூலப்பொருள் குவியலுக்கு இழுத்துப் போனார்.

"சுரங்கத்துல மூணு அடுக்குலேர்ந்து வர்ற பாஸ்பேட் சார். ஒண்ணு மேல ஒண்ணா பரப்பியிருக்கோம். ஒரு நாள் சத்து ஏறுது, மறுநாள் இறங்கிடுது. வாங்குறவங்க உரத்த திருப்பி அனுப்புறாங்க."

வந்தவர், குவியலின் மேற்புறத்தை அள்ளிக்கொண்டிருந்த லோடர் வண்டியைக் கவனித்தார். "மேலாக்க வழிச்சா அப்டித்தான் ஆவும். ஓரத்துலேர்ந்து அடிவரைக்கும் வெட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு தபாவும் மூணு அடுக்கும் சேந்து வரணும்."

லோடர் அப்படியே வெட்டியது. சற்று நேரத்தில் ஆய்வகத்திலிருந்து சாராள் ஓடிவந்தாள். "மூணு சாம்பிளும் ஒரே அளவு சார்."

பாக்கியநாதன் வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத எங்க சார் படிச்சீங்க?"

"இன்னாத்த படிக்கிறது? அடியில கறி, மேல சோறு. இப்டி வெட்டுனாத்தான் கடைசிப் பந்திக்கும் கறி கெடைக்கும். நான் பழவேற்காடு பிரியாணி மாஸ்டர் அப்துல் கனி. யாரோ நிபுணர் வர்றார்னு ஆர்டர் குடுத்தீங்களே, அண்டா ஆட்டோலயே ஆறிக்கினு இருக்குது."