ஆள் எடுத்தாச்சு

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

லாட்ஜ் அம்மா சொன்னது பெட்ஷீட் அக்காவுக்கு முதலில் காதில் ஏறவே இல்லை.

விமான நிலையத்துக்கு எதிரே அந்தம்மா குத்தகைக்கு எடுத்து நடத்திய சின்ன லாட்ஜ் அது. விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்து விரித்து வைப்பது அவள் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான். எல்லாரும் அவள் பேரையே மறந்து, பெட்ஷீட் அக்கா ஆக்கிவிட்டார்கள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"தலையணை உறையில கறை. பைலட் மூஞ்சியைச் சுளிக்கிறார்."

"எந்த ரூம்னு சொல்லுங்க. இப்பவே அலசித் தரேன்."

"எதிர்த்துப் பேசாதே. கிளம்பு."

பெட்ஷீட் அக்கா அழுதாள். காலில் விழப் போனாள். லாட்ஜ் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும் அக்கா பக்கம்தான். "புள்ளயா குட்டியா, அதான் அந்தம்மாவுக்கு மனசு கல்லாயிடுச்சு" என்றார் ஒருவர். இன்னொருவர் கார் கதவைத் திறந்தார்.

"பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில துணி துவைக்க ஆள் வேணுமாம். ஏறுக்கா, அந்தப் பக்கம்தான் போறேன்."

சலவைப் பிரிவு சூப்பர்வைசர் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

அடுத்த மாதம் அந்தச் செய்தி வந்தது. அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகவில்லை, விமான நிலையத்தை மூடுகிறார்கள்.

கடைசி விமானம் போன அன்றைக்கே கேன்டீனில் அடுப்பு அணைந்தது. டாக்ஸி ஸ்டாண்டில் புல் முளைத்தது. டிராவல்ஸ், ஜெராக்ஸ் கடை, சலூன் என்று ஒவ்வொரு ஷட்டராக இறங்கி, தெருவே வாயடைத்துப்போனது. விமான நிலையத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த அக்காவின் புருஷனும் வீட்டில் வந்து உட்கார்ந்தான். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. பழைய ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, வேலை கேட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

லாட்ஜையும் பூட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது மட்டும் அவளுக்கு மனசுக்குள் ஓரமாக இனித்தது. 'அனுபவிக்கட்டும்.'

ஒருநாள் சூப்பர்வைசர் வெளியே கிளம்பும்போது சொன்னார்: "இன்னொரு ஆள் எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. யாராவது வந்தா நீயே பார்த்துச் சொல்லும்மா. உன் பேச்சை நம்பறேன்."

மத்தியானம் ஒரு பையோடு வந்து நின்றது லாட்ஜ் அம்மா.

ஆள் பாதியாகியிருந்தாள். கண்ணைப் பார்க்காமல் கேட்டாள்.

"இங்க ஏதாவது வேலை இருக்குமா? துவைக்கிறதோ துடைக்கிறதோ, எதுவானாலும் சரி."

பெட்ஷீட் அக்கா கையிலிருந்த துணியை உதறினாள்.

"ஆள் எடுத்தாச்சு."

"ஓ... சரி. நீ நல்லா இருக்கியா? புள்ளைங்க?"

"நீங்க விரட்டினப்புறம் நல்லாத்தான் இருக்கோம்."

லாட்ஜ் அம்மா தலையாட்டினாள். சிரித்த மாதிரியும் இருந்தது. "அது போதும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரேன்."

"எந்த ஊருக்கு?"

"தெரியல. முதல்ல வர்ற பஸ்ல ஏறிக்க வேண்டியதுதான்."

ஜன்னல் வழியாக அவள் பஸ் ஏறுவதை அக்கா பார்த்தாள். கூப்பிடவில்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்ததும் கேட்டார். "யாராவது வந்தாங்களா?"

"எங்க பழைய லாட்ஜ் அம்மா வந்துச்சு சார். இடம் இல்லைன்னு அனுப்பிட்டேன். ஒரு கறைக்காக என்னை நடுத்தெருவுல நிறுத்தினவங்க."

சூப்பர்வைசர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் போனாங்க?"

"தெரியல சார். ஏன்?"

"ஏர்போர்ட் மேனேஜர் உங்க லாட்ஜ்லதானே தங்கியிருந்தார்? மூடப் போறாங்கன்னு அவர்தான் ரகசியமா அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கார். உடனே இங்க வந்து வேலை கேட்டாங்க. அப்போ இருந்தது ஒரே இடம். நாளைக்கே வாங்கன்னு சொல்லிட்டேன்..."

அவர் குரல் இறங்கியது.

"வாசல் வரைக்கும் போனவங்க திரும்பி வந்தாங்கம்மா. 'நான் ஒண்டிக்கட்டை, அவ வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போயிடும். அந்த இடத்தை அவளுக்குக் குடுங்க, நான் விரட்டினாத்தான் அவ என்னை விட்டுப் போவா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."