இடித்தகரம்

தகரத்தை யாரும் தொடவில்லை. ஆனாலும் அது உறுமியது.

நாடக டீச்சர் அவள். கையை உயர்த்தினாள். மத்தளம் நின்றது. பிள்ளைகள் நின்றார்கள். சலங்கைகள் ஓய்ந்தன.

தகரம் மட்டும் இன்னும் கொஞ்சம் உறுமிவிட்டுத்தான் அடங்கியது.

அது அவர்களுடைய கூத்துக்கான இடி. கூரைத் தகரமொன்றை வெட்டி, மரச்சட்டத்தில் கயிற்றால் தொங்கவிட்டு, நாடக வகுப்புக்காக அவளே செய்தது. கீழ் விளிம்பைப் பிடித்து உலுக்கினால் மேல்மாடி மண்டபம் முழுக்க இடிக்கும். யாராவது உலுக்க வேண்டும்.

"டீச்சர், தகரத்துக்குப் பேய் பிடிச்சிட்டுது," என்றாள் மத்தளம் அடிக்கும் யதுர்சிகா.

"பேயையும் சேர்ப்பம். போட்டிக்கு ஒரு ஆள் குறையுதெல்லோ," என்றாள் அரக்கன் வேடக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பேயில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. காரணம் தெரியாத ஒன்றை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கமும் இல்லை.

காற்றோ? யன்னல்களைச் சாத்தினாள். மறுபடி ஆடவிட்டாள். உறுமியது.

கயிறு தளர்ந்துவிட்டதோ? இறுக்கிக் கட்டினாள். உறுமியது.

அவளைக் குழப்பியது வேறொன்று. அரக்கன் வரவுக்குப் பிள்ளைகள் தளம் அதிர மிதித்தார்கள். தகரம் பேசாமல் தொங்கியது. தோழியர் ஆட்டத்துக்கு மெல்லத்தான் மிதித்தார்கள்.

அதற்குத்தான் உறுமியது.

அவள் ஒரு குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மண்டபத்தின் நடுவில், தரையில் வைத்தாள்.

"அரக்கன்," என்றாள்.

தண்ணீர் சிலிர்த்தது. அவ்வளவுதான்.

"இப்ப தோழியர்."

முதல் அடிக்குத் தண்ணீரில் ஒரு வளையம். அடுத்த அடிக்கு அதைவிடப் பெரிய வளையம். பிறகு தண்ணீர் விளிம்பைத் தாண்டிச் சிந்தியது. தகரம் உறுமத் தொடங்கியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கைதட்டாத குறை.

ஊஞ்சல்!

ஊஞ்சலை ஓங்கித் தள்ளத் தேவையில்லை. அது திரும்பி வரும் நேரம் பார்த்து விரலால் தொட்டாலே போதும். ஒவ்வொரு தொடலுக்கும் இன்னும் உயரப் போகும். தளமும் அப்படித்தான். அதற்கென்று ஓர் ஆட்டம் உண்டு. தோழியரின் தாளம் அந்த ஆட்டத்தோடு பொருந்திவிட்டது. தளம் ஆட, சட்டம் ஆட, தகரம் உறுமுகிறது.

எவ்வளவு அழகு என்று நினைத்தாள்.

அப்போது வாசலில் தவராணி வந்து நின்றாள். கீழ்த்தளத்தில் ஆறாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிப்பவள். அவள் தலைமுடி வெளுத்திருந்தது.

"ஆடுறதெண்டா ஆடுங்கோ. அதுக்கு எங்கட தலையில சுண்ணாம்பு கொட்ட வேணுமே?"

"மிஸ்ஸுக்கு ஒரே நாளில நரைச்சிட்டுது," என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சிரிப்பு. கால்கள் நிற்கவில்லை. தாளமும் பிசகவில்லை.

டீச்சர் தரையைப் பார்த்தாள்.

சிந்திய தண்ணீர் பரவவில்லை. நூல்போல ஒரு கோட்டில் ஓடிப் போய்க்கொண்டிருந்தது.

ஓடி, ஒரு வெடிப்புக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"சிலை!"

தவணையின் முதல் நாள் பழக்கிய விளையாட்டு. தூக்கிய கைகள் தூக்கியபடி நின்றன.

தகரம் நிற்கவில்லை. அடங்க நேரம் எடுத்தது. முதல் தடவையைவிட அதிக நேரம்.

'ஓடுங்கோ' என்ற சொல் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

கால்கள் ஒன்றாக விழுந்தால் நடுவர்கள் புள்ளி கொடுப்பார்கள். தவணை முழுக்க அவள் தொண்டை கிழியக் கத்தியது அதற்காகத்தான். எல்லாக் காலும் ஒரே கால், பிள்ளையள், ஒரே கால்!

நன்றாகப் பழகிவிட்டார்கள். ஓடினாலும் ஒரே காலாகத்தான் ஓடுவார்கள்.

"அக்கா," என்றாள் தவராணியிடம். குரலை உயர்த்தவில்லை. "உங்கட பிள்ளையளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கொப்பி, புத்தகம் ஒண்டும் வேண்டாம். இப்பவே."

தவராணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் அந்தக் கோட்டைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

குவளையில் மிஞ்சிய தண்ணீர் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"மிருக விளையாட்டு," என்றாள் பிள்ளைகளிடம். "யதுர்சிகா, மத்தளத்தை வைச்சிட்டு வா. நீ ஆமை. நீ கொக்கு. நீ நண்டு. நடுவுக்கு வரக்கூடாது. சுவரோரமாய், படி வரைக்கும். படியிலயும் அப்பிடித்தான்."

"இது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டு, டீச்சர்," என்றாள் அரக்கன்.

"ஓம். நீ நத்தை."

ஆமை நகர்ந்தது. கொக்கு ஒரு காலைத் தூக்கி யோசித்தது. நண்டு பக்கவாட்டில் போனது. யாருக்கோ சிரிப்பு வந்தது. யாரும் அவசரப்படவில்லை.

சலங்கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, தாளமே இல்லாமல் சிணுங்கின. அவ்வளவு மோசமான சத்தத்தை அந்த மண்டபத்தில் அவள் இதுவரை அனுமதித்ததில்லை.

கீழே கதிரைகள் இழுபடும் சத்தம் இன்னும் ஓயவில்லை.

அவள் நடுவில், அசையாமல் நின்று, கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கால் ஊன்றும்போது இன்னொருத்தி கால் ஊன்றக்கூடாது.

அப்படி நடந்தால் தளம் தாங்கும்.