மாப்பிள்ளைக் கார்

பாலாவியில் கஜமுகனின் கராஜில் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நின்றவர்கள் மூன்று பேர். நான், மெக்கானிக் கஜமுகன், என் தங்கை றம்லாவின் கணவன் இஸ்ஹாக்.

வேறு எவரும் இல்லை. அங்கே நின்றதாகப் பிறகு கதை சொன்னவர்கள் பலர் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

மறுநாள் ஷிம்லாவுக்குக் கலியாணம். மௌத்தாகிவிட்ட என் தம்பி மஹ்ரூபின் மகள். தகப்பன் இடத்தில் நிற்பவன் நான்.

எங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்ட வரும் மாப்பிள்ளையை எங்கள் வீட்டுக் கார்தான் போய் அழைத்துவரும். வாப்பா வாங்கிய கறுப்பு ஜெர்மன் கார். அது வந்த நாளிலிருந்து, அது வாசலில் வந்து நிற்காமல் எங்கள் குடும்பத்தில் ஒரு நிக்காஹ் நடந்ததில்லை.

அந்தக் கார்தான் கலியாணத்துக்குக் கிட்டத்தில் உப்பளத்தைத் தாண்ட முடியாமல் திணறியது. மிதிக்க மிதிக்க வேகம் எடுக்கவில்லை. பின்னால் கூழ்முட்டை நாற்றம்.

கஜமுகன் சென்சர் ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தம் பார்க்கும் மீற்றரைப் பூட்டினான். எஞ்சினை உறுமவிட்டபோது முள் ஏறிக்கொண்டே போனது. புகை வெளியேற வழியில்லாமல் குழாய் அடைத்திருந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கொன்வேர்ட்டர்கள் இரண்டையும் ரப்பர்ச் சுத்தியலால் தட்டினான். உள்ளே உடைந்த துண்டுகள் குலுங்கின.

“இது தானாச் சாகிற சாமான் இல்லை, ஹாஜியார். கொன்ற ஆளைப் பிடிக்கவேணும்.”

பிடித்தான். பெற்றோலுக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயில் இரண்டு பழுது. எரியாத பெற்றோல் கொன்வேர்ட்டருக்குள் போய்ப் போய் எரிந்து, தேன்கூடு போன்ற அதன் உட்பகுதியை உருக்கியிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

கொயில் கடையில் கிடைத்தது. கொன்வேர்ட்டர் கப்பலில் வரவேண்டும்.

உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெறும் குழாயாகப் பூட்டலாம் என்றான். சத்தம் வருமாம், புகையும் வருமாம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு உழவு மெசின்போல் போய் நிற்பதா? மறுத்துவிட்டேன்.

அன்றிரவு ஷிம்லாவே கேட்டாள். “சின்ன மாமாட காரில வந்தா என்ன, பெரியவாப்பா?”

சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

இஸ்ஹாக்கிடமும் அதே கார்தான். வெள்ளை. கல்பிட்டியில் படகு எஞ்சின் விற்றுக் கை நிமிர்ந்ததும், என்னுடையதைப் பார்த்தே வாங்கினான். என்னுடையதை உப்புக்காற்று தின்றது. அவனுடையது அப்படியே இருந்தது. பின்னேரங்களில் காருக்கு அடியில் நல்ல தண்ணீர் அடிப்பான். படகு எஞ்சினுக்குப் பூசும் செம்பு நிறப் பசையை அடியிலுள்ள போல்ட் ஒவ்வொன்றுக்கும் பிரஷால் பூசுவான்.

“மச்சான் காருக்கு மருதோண்டி வைக்கிறார்” என்று நான் சபையில் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது அவன் காரில்தான் ஏறுவார்கள்.

கலியாணத்துக்கு முதல் நாள் கஜமுகன் போன் எடுத்தான். ஒரு சோடி கிடைத்துவிட்டதாம். பூட்டியும் விட்டானாம்.

நான் போனபோது இஸ்ஹாக் அங்கே நின்றான். ஓர் ஓட்டோ அவனுக்காக வாசலில் காத்திருந்தது.

“மருதோண்டி இன்னும் காயல்லையா, மச்சான்? ஓட்டோவில திரியிறீங்க.”

“காயல்ல, மச்சான்,” என்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கஜமுகன் எஞ்சினை உறுமவிட்டான். மீற்றரின் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. வாப்பா ஓட்டிய காலத்துச் சத்தம்.

வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, காருக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கினேன். என்ன பூட்டியிருக்கிறது என்று பார்க்காமல் நான் சாவி வாங்குவதில்லை.

அரித்துப்போன அடித்தகட்டின் நடுவே கொன்வேர்ட்டர்கள் இரண்டும் துருவே காணாமல் இருந்தன. போல்ட்டுகளின் புரிகளில் செம்பு நிறம்.

“எங்க எடுத்த சாமான்?” என்று குழிக்குள் நின்றே கேட்டேன்.

கஜமுகன் இஸ்ஹாக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “கொழும்பில, ஹாஜியார்.”

கழற்று என்று சொல்ல வாயெடுத்தேன். கழற்றினால் நாளை மாப்பிள்ளை வந்து இறங்குவது வெள்ளைக் காரில்.

சாவியைக் கேட்டேன்.

மேலே ஏற இஸ்ஹாக் கை நீட்டினான். அவனுடைய நகங்களுக்குள்ளும் செம்பு நிறம். அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை கறுப்புக் காரில் வந்தார். றம்லாவும் இஸ்ஹாக்கும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். எஞ்சின் விற்பவருக்கே எஞ்சின் இல்லையா என்று யாரோ கேட்க, சபை சிரித்தது. இஸ்ஹாக்கும் சிரித்தான். ஒரு சொல் சொல்லவில்லை. அவன் இடத்தில் நான் நின்றிருந்தால் என்னால் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க முடியாது. காரைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

இஸ்ஹாக்கின் கார் கலியாணத்தன்று எஞ்சின் இறுகி நின்றுவிட்டது என்று குறிஞ்சிப்பிட்டி வரை கதை.

அது பொய். அந்தக் காரின் எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. அது கஜமுகனின் கராஜுக்குப் பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. அதன் கொன்வேர்ட்டர்கள் என் காரில் இருந்தன.