குளிசை நோன்பு

கிண்ணியாக்காரன் ஒருவனின் காலைத் தேத்தண்ணியைப் பிந்தவைக்கும் அதிகாரம் உலகத்தில் எந்த மருந்துக்கும் கிடையாது என்பது நிப்றாஸின் கொள்கை. ஊருக்கே அதை அறிவித்து வந்தவர், இப்போது திருகோணமலை ஆஸ்பத்திரி விறாந்தையில், தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்தபடி பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறார். பக்கத்தில் மனைவி றுஷ்தா தைரொயிட் குளிசையை வெறும் வயிற்றில் விழுங்குகிறாள். முன்பெல்லாம் விழுங்கிவிட்டு அவள் தேத்தண்ணி குடிக்க அரை மணி நேரம் காத்திருக்கும்போது, "குளிசைக்கும் நோன்பா புள்ள? பொழுதுபட்டு மஃரிபுக்கா தொறக்கப்போற?" என்று சிரிப்பார். அவள் கர்ப்பமானதும், "வயித்துப் புள்ளைக்கு மருந்து கூடாது, உட்டுடு," என்றார். அவளும் யாரையும் கேட்காமல் விட்டுவிட்டாள். மாதம் நிறையாமல் பிறந்த மகள், கண்ணாடிக்கு அப்பால், சூடேற்றிய பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடக்கிறாள். ஒரு கோழிக்குஞ்சின் அளவே உள்ள அந்த நெஞ்சு ஏறி இறங்குகிறது. "குளிசைய நிப்பாட்டினதாலயும் இப்பிடி வந்திருக்கலாம்," என்று டொக்டர் சொன்னதிலிருந்து நிப்றாஸிடம் அறிவிப்பு எதுவும் இல்லை. துறைமுகத்தில் கப்பலொன்று ஊதுகிறது. ஜன்னல் கம்பிகளின் நிழல் இருவரின் பாதங்களிலும் விழுந்திருக்கிறது. போத்தலிலிருந்து இஞ்சி மணம் கசிகிறது.

"நீங்க குடிங்க மச்சான். எனக்குத்தான் இன்னும் நேரமிருக்கு."

"எனக்கும் இருக்கு புள்ள," என்கிறார் நிப்றாஸ். மூடியை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, காய்ந்த உதட்டோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.