விட்டுவிட்டு மின்னுவது

சின்னக்கானல் எஸ்டேட்டில் நாளெல்லாம் கொழுந்து கிள்ளிய வேலுத்தாய், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அடுப்பு மூட்டப் போனாள்.

"அடுப்பு பெறகு. செயற்கைக்கோள் வர்ற நேரம், வாசல்ல வந்து உக்காரு புள்ள" என்றான் புருஷன் சங்கையா.

செயலற்று உருண்டு போகும் செயற்கைக்கோள் விட்டுவிட்டு மின்னும். அந்த இடைவெளியை எண்ணுவது அவனுக்கு ஒரு பித்து. அவன் பார்வை போனபின், பார்த்துச் சொல்வது அவள் வேலையாயிற்று.

அலுப்போடு உட்கார்ந்து காலை நீட்டினாள். "இப்ப மின்னுது... இந்தா, மறுபடியும்."

"அட, நேத்து மாதிரியே மின்னுதே!"

அவன் மகிழ்ச்சி அவளைச் சுட்டது. "ஏங்க, பொய் சொல்லிட்டேன். ஒரு வாரமா வானமே தெரியல. ஒரே மூடுபனி."

"என் மூஞ்சியிலயுந்தான் பனி படுது. வேற எதைச் சொன்னா நீ செத்த நேரம் உக்காருவ?"